வகுப்பு முழுக்கக் கிறிஸ்துமஸ் கார்டு

உங்க பிள்ளை வகுப்பில் எல்லாருக்கும் கார்டு செஞ்சு கொடுக்கணுமா? 22க்கு 28 அங்குல சார்ட் ஒன்றை நீளத்தில் நாலாகவும் அகலத்தில் நாலாகவும் வெட்டினால் 16 துண்டு. இரண்டாக மடித்தால் உள்ளங்கை அளவு கார்டு. நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று சார்ட், கெட்டுப்போனால் மாற்ற எட்டு மிச்சம்.

நேரடியாக மடிக்காதீங்க, முதுகு வெடிக்கும். மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுட்டு மடிங்க. கொட்டுற ஜிகினாத் தூள் அடுத்தவன் டிபன் பாக்ஸ் வரை போகும், கிளிட்டர் பேனாவே போதும். அதையும் ராத்திரி பரத்திக் காயவைக்கணும். அடுக்கினால் ஒட்டிக்கும், பிரிச்சா நட்சத்திரம் பாதி அங்கே பாதி இங்கே.

படத்துக்கு நட்சத்திரம், மணி, மரம் போதும். இயேசுவை ஈசா நபின்னு முஸ்லிம்கள் மதிக்கிறாங்க; ஆனா நபிமார்களைப் படமா வரையறதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை, அதனால் குடில் படம் வேண்டாம். வாழ்த்தை மட்டும் 'விடுமுறை வாழ்த்து'ன்னு மழுப்பத் தேவையில்லை. பண்டிகை கொடுக்கிற பிள்ளையோடது, கிறிஸ்துமஸ்னே எழுதட்டும். ஒரு விஷயம்: யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுறதில்லை. கிறிஸ்தவப் பெயர்னு நினைச்சுக் கொடுத்தா, அந்தக் கார்டுதான் திரும்பி வரலாம். கோவிச்சுக்க வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

மிட்டாய் ஒட்டுறதா இருந்தா சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்க. மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும்.

பெயர்களை வருகைப் பட்டியல் பார்த்து இனிஷியலோட எழுதணும். ஒரே வகுப்பில் ரெண்டு முகமது, மூணு ஹரிணி சகஜம். அரையாண்டுத் தேர்வு கடைசிப் பரீட்சை முடிஞ்ச பிறகு கொடுக்கச் சொல்லுங்க, ஹாலுக்குள்ளே கார்டு போனா பிட்டுன்னு சந்தேகப்படுவாங்க.