உள்ளாட்சிக் கேள்விக்கு விடை கிராம சபையில் கிடைத்தது

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்த காலம். "மக்களின் புதிய முயற்சிகளை உள்ளாட்சிகள் எப்படி வளர்க்கலாம்?" என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டிருந்தார்கள். 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையின் 29 பொருள்கள், நகராட்சிகளுக்கான 12-ஆவதில் உள்ள 18 என்று பிசகாமல் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "யார் செய்வது? எந்தப் பணத்தில்?"

அந்த அக்டோபர் 2-இல் தக்கலைப் பக்கம் எங்கள் ஊராட்சியின் கிராம சபைக்குப் போனேன். ஓர் அக்கா எழுந்து, "குளத்துக்குத் தண்ணி வாற ஓடைய நாங்களே தூர்வாரித் தாறோம், மண்ணு அள்ள வண்டி மட்டும் தாங்க" என்றார். கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பிறகு ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார். வண்டி வாடகை எந்த நிதியிலிருந்து என்பதையும் சேர்த்து எழுதினார். ஆசிரியர் கேட்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது. யோசனை ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு ஒரு தீர்மான எண்ணும் பொறுப்பாளரும் கொஞ்சம் பணமும் கொடுப்பதுதான் உள்ளாட்சியின் வேலை.

அப்புறம் கேரளத்துப் பாறசாலையில் சித்தி வீட்டுக்குப் போனபோது அங்குள்ள முறையையும் கேட்டுக்கொண்டேன். எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் ஏற்பாடே வேறு. நமக்கு ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை; கேரளத்தில் வார்டுக்கு ஒன்று. சின்னக் கூட்டத்தில் கூச்சப்படுகிறவரும் வாய் திறப்பார். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் மக்களே வரவு செலவுத் திட்டத்தில் முன்னுரிமைகளை முடிவு செய்யத் தொடங்கியதையும் இதோடு சேர்த்து எழுதலாம். ஆனால் அது ஒரு வரி போதும், பக்கத்து ஊர் உதாரணத்துக்கு இடம் விடுங்கள்.

நகரத்தில் இருப்பவர்கள், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபாவைப் பாருங்கள். 2022 முதல் உள்ளாட்சிகள் தினமாகக் கொண்டாடப்படும் நவம்பர் 1, 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட. விடையில் இதை எழுதும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்தக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். போன கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன ஆயின என்று எழுந்து கேளுங்கள். வரும் பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.