கடைசி சைக்கிளில் வருகிறவன்

வெளிநாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராக வந்து இலங்கையின் மலைநாட்டைச் சைக்கிளிலும் நடந்தும் சுற்றுகிறார்களே, அந்தக் குழுக்களில் என் இடம் கடைசி. முன்னால் ஒரு வழிகாட்டி போவார். பெயர் அவருக்குத்தான், எல்லாருடைய போட்டோவிலும் அவர் முகம் இருக்கும். பின்னால் ஒருவன் முதுகுப் பையில் இரண்டு டியூப், பம்ப், செயின் கழற்றும் கருவி, ரத்தம் குடிக்கிற அட்டைக்கு ஒரு சவர்க்காரக் கட்டி, கொஞ்சம் குளுக்கோஸ் என்று தூக்கிக்கொண்டு வருவான். அது நான். எனக்கும் பின்னால் வான் வரும், ஆனால் வானுக்கு ரோடு வேண்டும், தேயிலை மலைக்குள் அது வராது. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "வெள்ளைக்காரங்களுக்குப் பின்னால சைக்கிள் ஓட்டுறான்" என்பார். ஒரு வகையில் சரிதான்.

இந்த வேலைக்கு வழி தெரிந்தால் போதும், இங்கிலீஷ் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு பையன்கள் வந்து கேட்கிறார்கள். வழி இப்போது போனிலேயே இருக்கிறது. வேலை என்பது கடைசி ஆளைப் பார்த்துக்கொள்வது. ஒரு குழு நல்லபடியாகப் போனதா இல்லையா என்பதை முன்னால் போனவர்களிடம் கேட்டால் தெரியாது, அவர்களுக்கு எங்கே போனாலும் நன்றாகத்தான் இருக்கும்.

சுற்றுலாக் கம்பனிகளின் புத்தகத்தில் 'இன்று 40 கிலோமீட்டர்' என்று போட்டிருப்பார்கள். மலையில் கிலோமீட்டரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் இருக்கிற நெதர்லாந்து நிலத்தில் மிக உயரமான இடமே 322 மீட்டர்தான், நுவரெலியா டவுன் 1,868 மீட்டர். தன் ஊரில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிற, எதிர்காற்றில் மணிக்கணக்கில் மிதிக்கிற மனிதர் பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலில் பலம் இல்லாமல் இல்லை. ஏற்றம் வருவதற்கு முன்பே கியரைக் குறைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, பாரம் விழுந்த பிறகு மாற்றுவார், செயின் கடகடவென்று கத்தும், சில நேரம் கழன்றே விழும். அப்புறம் நான் கையெல்லாம் கிரீஸாக ரோட்டோரம் உட்கார்ந்திருப்பேன்.

இறக்கத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, பிரித்தானியாவிலும் அப்படித்தான். ஜெர்மனிக்காரருக்கும் பிரான்ஸ்காரருக்கும் அது இடது கையில். எல்லயிலிருந்து வெல்லவாய வரைக்கும் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே போகிற ரோடு, ராவணா எல்ல நீர்வீழ்ச்சி வளைவில் குரங்கு, பஸ், மாங்காய் விற்கிறவர், செல்பி எடுக்கிறவர் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அங்கே பயந்துபோய்ப் பழக்க தோஷத்தில் கைமாறி அழுத்தினால் ஆள் ஹேண்டிலுக்கு மேலால் பறக்கும். அதனால் காலையில் புறப்படுமுன் ஒவ்வொருவரையும் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஒரு கையால், பிறகு மற்றக் கையால் பிடிக்கச் சொல்லுவேன். சிலருக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும், சிரிப்பார்கள். பரவாயில்லை.

கடைசி ஆள் யார் என்பது முதல் நாள் காலையில் தெரியாது. உடம்பையும் வயசையும் வைத்துக் கணக்குப் போட்டால் பிழையாகிவிடும். எழுபது தாண்டிய இங்கிலாந்துக்காரப் பெண்கள் ஒரே சீராக நடந்து எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள், நாற்பது வயசுக்காரர் முதல் மணித்தியாலம் பறந்துவிட்டு பத்து மணிக்கெல்லாம் சப்பாத்து லேஸ் கட்டத் தொடங்குவார். லேஸ் ஒரு முறை அவிழும், இரண்டு முறை அவிழும். மூன்றாவது தடவை குனிந்தால் அவருக்கு முடியவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் திடீரென்று பூவைப் போட்டோ எடுப்பார், அதுவரை கதைத்துக்கொண்டு வந்தவர் வாயை மூடிக்கொள்வார். "சரியா இருக்கீங்களா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும், அதற்குப் பிறகு அவர் மானத்துக்காகவே வேகமாக நடப்பார். நான் என் சைக்கிளை நிறுத்தி செயினைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வேன். எனக்காக அவர் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். எங்கள் வான் டிரைவர் அண்ணன் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர். ரோடு வருகிற இடத்தில் ஆளைப் பார்த்தவுடனே விளங்கிவிடும், "இந்தச் சைக்கிள்ல ஏதோ சத்தம் கேக்குது, நான் கொஞ்சம் பார்க்கணும்" என்று சைக்கிளை வாங்கி மேலே ஏற்றிவிடுவார். சைக்கிள் ஏறினால் ஆளும் ஏற வேண்டியதுதானே.

முன்னால் போகிற வழிகாட்டிகளோடு எனக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஏற்றம் முடிகிற இடத்தில் எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பிஸ்கட் சாப்பிட்டு, போட்டோ எடுத்து முடிய, கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருவார். அவர் வந்த நிமிஷமே "சரி, எல்லாரும் வந்தாச்சு, போவோம்!" என்பார்கள். ஆக, நன்றாக நடக்கிறவர்களுக்கு இருபது நிமிஷ ஓய்வு, முடியாதவருக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க இதே கதை நடந்தால் சாயந்திரம் அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன், முன்னால் உள்ளவர்கள் முணுமுணுத்தாலும் சரி. இப்போது பற்றரி சைக்கிளும் வந்துவிட்டதால் தொல்லை கூடித்தான் போயிருக்கிறது. புருஷன் சாதா சைக்கிள், பெண்சாதி பற்றரி சைக்கிள் என்று எடுப்பார்கள், முதல் மலையிலேயே இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்தை ஊற வைக்கும், அந்த மாசங்களில் ஊவாப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசம்பரில் வடகிழக்கு வந்தால் கணக்கு தலைகீழ், பண்டாரவளையும் பதுளையும் நனையும். ஆகவே இரண்டு பக்கமும் வெயில் வேண்டும் என்று கேட்கிற பயணத்திட்டத்துக்கு எந்த மாசமும் முழுசாகப் பொருந்தாது. ஐரோப்பாவில் இருந்து திட்டம் போடுகிறவர்களுக்கு இதை எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். எந்தப் பக்கமானாலும் விடிய முன்பே கிளம்பினால் பாதிப் பிரச்சினை தீரும். லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்குத் தம்பேதென்ன ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் ஏற்றம், காலை ஒன்பது, பத்துக்குப் பிறகு ஏறினால் வெறும் மூடுபனிதான். ஹோட்டலில் ஏழு மணிக்குத்தான் காலைச் சாப்பாடு என்பதால் அதற்குப் பிறகு கிளம்புகிற குழுக்களும் இருக்கின்றன!

அந்த ஏற்றத்தில்தான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. முன்னால் போகிறவர்கள் இதயத்துடிப்பு எத்தனை, எத்தனை மீட்டர் ஏறினோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பின்னால் மெல்ல நடக்கிறவர்தான் சுற்றிப் பார்ப்பார். லொறிப் பாதை வளைந்து வளைந்து போகும்போது, செடிகளுக்கு நடுவில் நேராக ஒரு கல் படிக்கட்டு ஏறிப்போகிறதே, இதை யார் கட்டினது என்று கேட்பார். கொழுந்தெடுக்கிறவர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கும் மலைக்கும் போகிற குறுக்குப்பாதை அது, தோமஸ் லிப்டன் 1890இல் அந்த ஸ்டோரைக் கட்டினார் என்பது பலகையில் இருக்கிறது, படியைக் கட்டினவர்களுக்குப் பலகை இல்லை என்பேன். அப்படியே கதை கோப்பிக்காலத்துக்குப் போகும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்தே வந்தது, வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போனது எல்லாம் வரும்.

2023இல் இரண்டு காரியம் நடந்தது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகத் தோட்டப் பாதைகளை இணைத்துப் பீக்கோ டிரெயில் என்ற நடைவழியைத் திறந்தார்கள், எங்கள் தொழிலுக்கு அது பெரிய உதவி. அதே வருஷம் ஜூலை கடைசியில் மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருஷம் என்று எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள், அந்தப் பழைய வழியை நினைத்து. லீவுக்கு நடக்க வந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் எந்தக் கம்பனியோடு நடந்தார்கள் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான் விளக்கினேன், மனுஷர் அதற்குப் பிறகு வெகுநேரம் என்னோடுதான் நடந்தார். இந்தக் கதை எதுவும் முன்வரிசைக்குப் போய்ச் சேராது.

எனக்கு ஒத்துவராதது போட்டோ. கொழுந்துக் கூடையோடு பெண்கள் சிரிக்கிற படம் எல்லாக் கம்பனிகளின் அட்டையிலும் இருக்கும். எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கும் நைலோன் பையும் வந்து நாளாகிவிட்டது. கூடையைத் தேடிக்கொண்டு வருகிறவர்களுக்கு, பஸ் நிற்கிற இடங்களில் பளிச்சென்று சேலை கட்டிக் கூடையோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தால் படம். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு உழைப்புத்தான். உண்மையில் வேலை நடக்கிற மலைக்குள் குழு நுழைவதுதான் பிரச்சினை. 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு இருக்கும், அது நிறையாவிட்டால் அரைப்பேர் போட்டுவிடுவார்கள், பாதிச் சம்பளம். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு படம் எடுத்தால் எத்தனை கிலோ போகும்? ஒரு தடவை ஒரு அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, படம் புடிச்சது போதும், இவங்கள மலைய விட்டு எறங்கச் சொல்லு, நிறுவைக்கு நேரமாச்சு" என்றார். கையை நிறுத்தாமல்தான் சொன்னார், கொழுந்து பாட்டுக்கு ஒடிந்து சாக்குக்குள் விழுந்துகொண்டிருந்தது. குழுவுக்கு நான் இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சிலருக்கு முகம் சுருங்கியது, ஆனால் இறங்கினார்கள்.

ஒரு கம்பனி இதற்கு வழி கண்டுபிடித்தது, ஆட்களுக்குக் காசு கொடுக்காமல் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு, ஒரு உண்டியல். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னோம். அதே அக்காவிடம் சொன்னபோது, "அப்போ என் மூஞ்சிக்கு யாரோ காசு வாங்குறாங்க" என்றார். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. நிறுவை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போய், கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வருவது, என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தண்டவாளத்தில் நடப்பதும் எனக்கு ஒத்துவராது. எல்லக்கும் தெமோதரைக்கும் நடுவில் 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ரயில் பாதையோடு நடந்து போவதை எத்தனையோ பயணத்திட்டத்தில் 'நடைப்பயணம்' என்றே எழுதுகிறார்கள். சட்டப்படி தண்டவாளத்தில் நடக்கக் கூடாது. கோச்சி நேரத்துக்கு வராது என்பதை நம்பி நடக்கிறவர்களுக்கு, நேற்றுப் பிந்தின கோச்சி இன்றைக்கும் பிந்தும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? தேயிலைக்குள்ளால் ஒரு பாதை இருக்கிறது, சேறுதான், அட்டைதான், நான் அதில்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

இது நிரந்தரமான பிழைப்பும் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு ஆட்கள் நின்றார்கள், அடுத்த வருஷம் கொரோனா, 2022இல் வானுக்கு டீசல் இல்லை. அந்த வருஷம் ஊரெல்லாம் சைக்கிளைத் தேடி அலைந்தது, எங்கள் கம்பனிச் சைக்கிளையும் வாடகைக்குக் கேட்டார்கள். நான் கந்தப்பளையில் மாமாவோடு கரட் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் ஒன்று கையில் இருந்ததால் திரும்பி வர முடிந்தது. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி என்று வகை வகையாக இருக்கிறது, பையன்கள் அதை எடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். தோட்டத்தில் தமிழ், டிரைவரோடு சிங்களம், குழுவோடு இங்கிலீஷ் என்று மூன்றும் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாவதில்தான் தட்டுகிறது.

கடைசி நாள் நீர்கொழும்பு ஹோட்டலில் குழுவில் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசி ஒரு உறையை முன்னால் போன வழிகாட்டியிடம் கொடுப்பார். அதை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்பது ஆளைப் பொறுத்தது. டிரைவர் அண்ணனுக்கும் எனக்கும் சில தடவை நியாயமாக வரும், சில தடவை பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த சீசனிலிருந்து என்னை முன்னால் போகச் சொல்கிறார்கள், சம்பளமும் கூட. எனக்குப் பின்னால் வரப்போகிற பையனை நானே பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒப்பீஸில் யோசிக்கிறார்களாம்.