தலைப்பெழுத்து ஒரு வரியில், பெயர் அடுத்த வரியில்

மட்டக்களப்பில் அடிக்கப்படும் நினைவு மலர்களிலும் கோயில் திருவிழா நோட்டீஸ்களிலும் என்னை உறுத்துவது இதுதான்: "க." வரி முடிவில் தனியே நிற்கும், "கந்தசாமி" கீழே போய்விடும், "ஸ்ரீ" ஒரு பக்கம் "மாமாங்கேஸ்வரர்" இன்னொரு பக்கம். ஒரு மனிதருடைய பெயரை இப்படி இரண்டாக்கக் கூடாது. எண்டர் தட்டிச் சரிசெய்தால் எழுத்தளவு மாறியதும் எல்லாம் குலைந்துவிடும்.

வேர்டில் கன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள், பார்வைக்குச் சாதாரண இடைவெளிதான், ஆனால் வரி அங்கே உடையாது. லிப்ரே ஆபிஸிலும் இதே விசைகள்தான். "ரூ. 500", "மு.ப. 10.30" எல்லாவற்றுக்கும் போடலாம். மறைந்த குறிகளைக் காட்டச் சொன்னால் வேர்டில் சின்ன வட்டமாகத் தெரியும்.

அப்புறம் இதற்கு நேர்மாறான சிக்கல். "மண்முனைப்பற்று" போன்ற நீண்ட சொல் ஒடுங்கிய பத்தியில் அப்படியே கீழே இறங்கினால், இருபக்கமும் சீராக்கிய மேல்வரி பல்லிளிக்கும். அங்கே "மண்முனைப்" என்பதற்குப் பிறகு அகலமில்லாத இடைவெளியை வைக்கலாம் (200B என்று ஆங்கில எழுத்தில் அடித்து உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்துத் தட்டுங்கள்), தேவைப்பட்டால் மட்டும் சொல் அங்கே உடையும், இடைக்கோடும் விழாது. ஆனால் அந்தச் சொல்லைப் பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம், அதனால் இதை அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.