உப்புத் தண்ணீரும் வெந்நீர்க் குழாயும்

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பழைய வசனம் ஒன்று உண்டு. அந்த நீரில்லா ஆற்றின் கரையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்து பிழைத்து வருகிறேன்; அதில் பெரும்பகுதி வெந்நீர்க் குழாய் வேலை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வெந்நீருக்கு என்ன அவசரம் என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. காந்தி சாலையையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் அவர்கள் பார்த்ததில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கும் விடுதிகள் அங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பியவருக்குக் காலையில் ஒரு வாளி வெந்நீர் கிடைக்கவில்லை என்றால், விடுதிக்காரர் முதலில் அழைப்பது எங்களைத்தான்.

தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் என் மேஸ்திரி வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அறுத்து, அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். வெளியில் முக்கால் அங்குலக் குழாய். உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை இருந்தது. மிச்ச இடம் முழுவதும் வெள்ளையும் பழுப்புமாகக் கல் போல இறுகியிருந்தது. "இந்த ஊர்ல உனக்கு முதலாளி வீட்டுக்காரர் இல்லப்பா, இந்த உப்புதான்" என்றார். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நீர் குளிர்ந்திருக்கும் வரை அது பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். சர்க்கரையைப் போலச் சூடு ஏற ஏற நன்றாகக் கரையும் பொருள் அன்று அது. சூடு ஏறினால் நீரை விட்டுப் பிரிந்து, எது மிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய்ப் படிந்துவிடும். அதனால்தான் ஒரே வீட்டில் குளிர்நீர்க் குழாய் இருபது ஆண்டு உழைக்க, ஹீட்டருக்குள் நீரைச் சூடேற்றும் காயில் என்ற சுருள் மூன்றாம் ஆண்டிலேயே சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கொள்கிறது. ஹீட்டருக்குள் சோளம் பொரிவது போன்ற சத்தம் கேட்டால் காயில்மேல் நல்ல கனத்துக்குப் படிவு ஏறிவிட்டது என்று பொருள். படிவுக்கும் காயிலுக்கும் இடையில் சிக்கிய நீர் கொதித்து வெடிக்கும் சத்தம் அது.

இதற்கு நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டு ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட்டை உச்சியில் வைக்காமல் 55 டிகிரி அளவில் நிறுத்திவிடுவேன். குளிப்பதற்கு எப்படியும் பாதிக்குப் பாதி குளிர்நீர் கலக்கத்தான் போகிறோம்; 75 டிகிரிக்குக் காய்ச்சிப் பிறகு ஆற்றுவதில் மின்சாரமும் போகிறது, படிவும் கூடுகிறது. ஆனால் இதே கணக்கை விடுதியின் பெரிய தொட்டிக்குப் போடக் கூடாது. மிதமான சூட்டில் நீண்ட நேரம் தேங்கும் நீரில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதால், உடல்நலம் குன்றியவர்கள் தங்கும் இடத்தில் தொட்டிநீர் 60 டிகிரிக்குக் கீழே போகாமல் வைத்து, கலப்பதைக் குழாயடியில் செய்துகொள்வதே முறை. படிவு கூடும் என்பது உண்மைதான். அங்கே அடிக்கடி கழுவியாக வேண்டும். கழுவுவதற்குக் கடையில் கிடைக்கும் கழிப்பறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படிவு நொடியில் நுரைத்துக் கரைந்துவிடுவதால் பார்க்க அழகாக இருக்கும். தொட்டியின் உட்பூச்சும் இணைப்பும் அரிபடுவது அடுத்த ஆண்டுதான் தெரியவரும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். அப்படித் திறக்கும்போதே உள்ளிருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்த்துவிட வேண்டும். தொட்டியின் இரும்பு அரிக்கப்படாமல் இருக்கத் தான் கரைந்து போவதற்கென்றே வைத்த கம்பி அது. அது தேய்ந்து வெறும் ஊசியாகி நின்றால் அடுத்து அரிபடப் போவது தொட்டிதான்.

இவ்வளவும் செய்ய ஹீட்டரைத் திறக்க இடம் வேண்டும். நெட்டுவாக்கில் மாட்டும் ஹீட்டரில் காயில் அடிப்பக்கமாகக் கழலும். கீழே ஒன்றரை அடியாவது வெற்றிடம் விட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் ஹீட்டரைப் பலகைக்குள் வைத்து மூடி, ஒரு கை மட்டும் நுழையும் கதவு வைத்துவிட்டுப் போன வீடுகளில் நான் தலைகீழாகத் தொங்கி வேலை செய்திருக்கிறேன். என் வேலை என்றால், உள்ளே போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும், குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பு ஒவ்வொன்று போடாமல் ஹீட்டரை மாட்டுவதில்லை. யூனியன் இரண்டுக்கும் ஆகும் செலவு சிறிது. அது இல்லாத இடத்தில் பின்னால் வருபவர் டைல்ஸை உடைப்பார்.

ஹீட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது என்று சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்காரர் முன்பு ஒருமுறை அழைத்தார். நான் போவதற்குள், தெரிந்தவர் ஒருவர், அழுத்தம் கூடினால் நீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வின் வாயில் டம்மி மூடி போட்டு அடைத்துவிட்டிருந்தார். சொட்டு நின்றுவிட்டது, பத்தே நாளில் உள்தொட்டியின் இணைப்பு பிளந்துகொண்டது. 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்றினால் அது ஏறக்குறைய 350 மில்லி விரிகிறது. மேல்தொட்டியிலிருந்து நேராக இறங்கும் குழாயாக இருந்தால் அந்த 350 மில்லி வந்த வழியே மேலே ஏறிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் பிரஷர் பம்பு வைத்து, ஹீட்டருக்கு முன்னால், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வும் போட்டிருந்தார்கள். திரும்பிப் போக வழியில்லாத நீர் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டியது. அது பழுது அன்று, வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த வால்வின் வாயிலிருந்து ஒரு சிறு குழாயை இறக்கி, தரைக்கு மேலே கண்ணில் படும்படி திறந்தே விட்டுவிடுகிறேன். சொட்டும் இடம் தெரிந்தால் மக்கள் அடைக்க நினைப்பதில்லை.

வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய் எங்கள் பக்கம் புழக்கத்துக்கு வந்த புதிதில் நானே ஒரு பிழை செய்தேன். காட்பாடியில் ஒரு மாடி வீட்டில் சூரிய வெந்நீர்க் கலனிலிருந்து குளியலறை வரை, மொட்டைமாடியில் நாற்பது அடிக்கு நூல் பிடித்தாற்போல ஒரே நேராகக் குழாய் போட்டு, மூன்றடிக்கு ஒரு கிளாம்பு என்று இறுக்கிக் கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மாசியில் போட்டது, வைகாசியில் குழாய் பாம்பு போல நெளிந்து, கடைசி எல்போ, அதாவது முழங்கை போல வளைந்த இணைப்பு, வாய் பிளந்து நின்றது. இரும்புக் குழாயோடு பழகிய கை எனக்கு. இந்தக் குழாய் இரும்பைப் போல ஐந்து மடங்கு நீளும் என்பது தெரியாது. பத்து மீட்டர் நீளக் குழாயில் சூடு 40 டிகிரி ஏறினால் சுமார் 25 மில்லிமீட்டர் நீளும், அதாவது ஓர் அங்குலம். இரு முனையும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் அந்த ஓர் அங்குலம் எங்கே போகும்? இப்போதெல்லாம் நீண்ட ஓட்டத்தின் நடுவில் எல்போக்களை வைத்து ஒரு வளைவு கொடுத்து, கிளாம்புகளைக் குழாய் வழுக்கி நகரும் அளவுக்குத் தளர்த்தியே பூட்டுகிறேன். மொட்டைமாடி வேலை கோணலாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அந்த வைகாசியை நினைத்துக்கொள்வேன்.

சூடு ஆறாமல் இருக்கக் குழாயின் மேலே சுற்றும் நுரை உறையும் வெயிலில் பொடிந்துவிடும். அலுமினியத் தாள் சுற்றாவிட்டால் இரண்டு கோடையோடு சரி. அதற்கு முன்பே அணில் பிய்த்துக்கொண்டு போய்க் கூடு கட்டிவிடுவதும் உண்டு.

குழாயின் அகலம் பற்றி வீட்டுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: எவ்வளவு பெரிய குழாயோ அவ்வளவு நல்லது. குளிர்நீருக்கு அது ஓரளவு சரி. வெந்நீருக்கு அப்படி அன்று. குழாய்க்குள் ஆறிக் கிடக்கும் நீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் சூடான நீர் கைக்கு வரும். அரை அங்குல சி.பி.வி.சி. குழாய் பத்து மீட்டருக்குச் சற்றேறக்குறைய 1.2 லிட்டர் கொள்ளும். முக்கால் அங்குலம் இரண்டரை லிட்டருக்கு மேல், ஓர் அங்குலம் நான்கு லிட்டருக்கு மேல். நான்கு மாடி விடுதியில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் குழாயை முப்பது மீட்டர் ஓட்டினால், விடியற்காலையில் முதலில் எழுபவர் பன்னிரண்டு லிட்டருக்கும் மேல் குளிர்ந்த நீரைத் திறந்து விட்டுவிட்டுத்தான் குளிக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடையில் அது எவ்வளவு பெரிய வீண் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே தலைமைக் குழாயைத் தேவைக்கு மேல் பெருக்காமல், அறைக்குப் பிரியும் கிளையை அரை அங்குலத்தோடு நிறுத்தி, பெரிய கட்டடமாக இருந்தால் கீழ்முனையிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஒரு குழாயும் சிறு பம்பும் வைத்து நீரை விடியலில் மட்டும் சுற்றவிடுவதுதான் சிக்கனம்.

நான் மிக நீண்ட நேரம் திணறியது அப்படிப்பட்ட ஒரு விடுதியில்தான். பெயர் வேண்டாம். மாடியில் 1,000 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன். மாலையில் தொட்டால் கை பொறுக்காது. ஆனால் காலையில் இரண்டாம் மாடியிலும் முதல் மாடியிலும் வெதுவெதுப்பாகக்கூட வருவதில்லை. "மேஸ்திரி, இந்த சோலாரே தண்டம், கழட்டிப் போட்டுடுங்க" என்று மேலாளர் வெறுத்துப்போய்ச் சொன்னார். முதலில் கலனையே சந்தேகித்தேன். குழல்களில் படிவு இல்லை, காற்று வெளியேறும் குழாய், கலனுக்கு நீர் ஊட்டும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே சரியாகவே நின்றது. குழாயில் எங்காவது மேடு விழுந்து காற்று அடைத்திருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு, ஒருவரும் குழாயைத் திறக்காத நேரத்தில் வெந்நீர்த் தலைமைக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினேன். ஒரு கிளை மட்டும் சில்லென்று இருந்தது. நீர் ஓடும் மெல்லிய அதிர்வும் விரலில் தட்டியது. யாரும் குளிக்காதபோது நீர் எங்கே ஓடுகிறது?

அந்தக் கிளை போய்ச் சேர்ந்த அறையில், வெந்நீரும் குளிர்நீரும் கலந்து வரும் மிக்சரில் கைஷவர் மாட்டி, அதன் முனையில் திறந்து மூடும் குமிழ் ஒன்று வைத்திருந்தார்கள். அறையில் இருந்தவர் வெந்நீர், குளிர்நீர் இரண்டின் கைப்பிடிகளையும் திறந்தபடியே விட்டுவிட்டு, முனையிலுள்ள குமிழை மட்டும் மூடிவிட்டுப் படுத்துவிட்டார். வெளியே ஒரு சொட்டும் விழாததால் அவர்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் மிக்சருக்குள் இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. அறைகளுக்குக் குளிர்நீர் தரும் தனித் தொட்டி படிக்கட்டுக் கூரைக்கு மேல், கலனை விடப் பத்தடி உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு பத்தடி உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 கிலோ அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தோடு குளிர்நீர் மிக்சர் வழியாகப் புகுந்து வெந்நீர்க் குழாயை இரவெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தது. ஒரே அறை, ஒரே கைப்பிடி, இரண்டு மாடிகள் பாழ்.

மறுநாள் எல்லா அறைகளிலும் அந்த முனைக் குமிழ்களைக் கழற்றி, மிக்சருக்கு வரும் இரு குழாய்களிலும் என்.ஆர்.வி. போட்டோம். அதை விட முக்கியமாக, குளிர்நீர் உயரத் தொட்டியிலிருந்து வந்த இணைப்பை அடைத்து, கலனுக்கு நீர் ஊட்டும் தொட்டியிலிருந்தே அறைகளின் குளிர்நீரையும் எடுத்தோம். இரண்டு குழாய்க்கும் ஒரே உயரத்திலிருந்து நீர் வந்தால் ஒன்றை ஒன்று தள்ளுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. புதுக் கட்டடம் எதற்கு வரைபடம் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஹீட்டர் எந்தக் கம்பெனி என்பதெல்லாம் பிறகு.

சுவருக்குள் குழாயைப் பூசி மூடுவதற்கு முன் நீரேற்றி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விடுவதில்லை. உயரத்திலுள்ள வாயைத் திறந்து காற்றை வெளியேற்றிய பிறகே பம்பை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் சற்று விரிந்து கொடுப்பதால் முதல் அரை மணியில் அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும். புதிதாக வந்த பையன்கள் அதைப் பார்த்துக் கசிவு என்று சுவரைத் தட்டத் தொடங்குவார்கள். மீண்டும் ஏற்றிவிட்டு இரவு முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். கொத்தனார் சாந்து குழைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார், எனக்குத் திட்டு விழும். விழட்டும் என்று, முள் நிற்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, குழாய்கள் போன வழியை அளவுநாடாவோடு கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வேன். என் மேஸ்திரியிடம் கைப்பேசி இல்லை. மின்சார மீட்டர்ப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்து, தரையிலிருந்து இத்தனை, மூலையிலிருந்து இத்தனை என்று எழுதி வைப்பார். கொசப்பேட்டையில் அவர் கைபட்ட ஒரு வீட்டில் சென்ற தை மாதம் துளை போட வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. குழாய் அவர் எழுதியிருந்த இடத்திலிருந்து அரை அங்குலம்தான் தள்ளியிருந்தது.