ஸ்லைடரை இழுப்பது சுலபம்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளைக் கொடுத்தால் முதலில் எண்ணை மாற்றும் ஸ்லைடரை இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு எண்ணை மாற்றினால் கூரை முழுக்க எழும்பி அடங்குகிறதே, யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? நானும் அந்த மயக்கத்தில்தான் முகப்பு வடிவமைப்பு வேலைக்கு வந்தேன். வளைவை உண்டாக்க ஒரு மதியம் போதும். அதில் எதெல்லாம் மாறவே கூடாது என்று முடிவு செய்யத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

சிக்கல் தகட்டில் ஆரம்பிக்கிறது. தட்டையான அலுமினியத் தகடு ஒரு திசையில் மட்டும் வளைந்தால் உருளைகளுக்கு நடுவில் விட்டு வளைத்துவிடலாம். இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் தகட்டை இழுத்து நீட்டவோ அச்சில் வைத்து அழுத்தவோ வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். கண்ணாடிக்கு இது இன்னும் கறாரான கணக்கு. நான்கு மூலைப் பலகையில் மூன்று மூலைகள் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும், நாலாவது தூக்கிக்கொண்டு நிற்கும். சில மில்லிமீட்டர் என்றால் சட்டத்தில் அழுத்திப் பொருத்திவிடலாம். அதற்கு மேல் போனால் முக்கோணமாக வெட்ட வேண்டியதுதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2000-இல் திறந்த முற்றக் கூரை அப்படி 3,312 முக்கோணக் கண்ணாடிகளால் ஆனது. முக்கோணம் எப்போதும் தட்டைதான். ஆனால் ஒவ்வொரு முடிச்சிலும் பெரும்பாலும் ஆறு கம்பிகள் வந்து சேரும், அந்த முடிச்சுகளுக்கு யார் பணம் கொடுப்பது என்ற பேச்சும் கூடவே வரும்.

அதனால் சிட்னி ஓபரா ஹவுஸ் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1957-இல் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது அந்தச் சிப்பி போன்ற கூரைகளுக்குத் திட்டமான வடிவக் கணக்கு கிடையாது. பல வடிவங்களை முயன்று பார்த்த பிறகு, எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது என்று முடிவானது. வளைவு எங்கும் ஒன்றே என்பதால், ஒரே அச்சுகளில் திரும்பத் திரும்பக் கான்கிரீட் துண்டுகளை வார்க்க முடிந்தது. ஆரத்தைப் பூட்டிவிட்டு, எங்கே வெட்டுவது என்பதை மட்டும் மாறவிட்டிருக்கிறார்கள். சில அளவுகளை மட்டும் மாறவிட்டு வடிவத்தை உண்டாக்குவதைத்தான் பாராமெட்ரிக் என்பார்கள், என்னைக் கேட்டால் அது இதுதான். கிராஸ்ஹாப்பர் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே நடந்த வேலை இது!

வளைகுடாவில் ஒரு ஹோட்டலின் முகப்புக் கூரைக்கு நாங்களும் இதே வழியில்தான் போனோம். ஆர்க்கிடெக்ட் கையால் வரைந்தது போன்ற கட்டற்ற வளைவு கேட்டிருந்தார். அதற்கு மிக நெருக்கமாக ஒரு டோரஸ், அதாவது நடுவில் ஓட்டையுள்ள வளைய வடிவத்தின் துண்டைப் பொருத்திக் காட்டினோம். எங்கள் அலுவலகத்தில் அதற்கு வடை என்றுதான் பெயர். டோரஸை அதன் வட்டங்களின் வழியே கட்டமிட்டால் நான்கு மூலைப் பலகைகள் தட்டையாகவே கிடைக்கும். ஒரு வரிசையில் இருப்பவை எல்லாம் ஒரே அளவு. ஆர்க்கிடெக்ட் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெகுநேரம் பார்த்தார். நுழைவாயில் ஓரத்தில் மட்டும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. சரி, அந்த ஓரத்துக்கு மட்டும் இரட்டை வளைவுப் பலகைகள் என்று பேசி முடித்தோம்.

அப்புறம் சைட். மென்பொருள் தன் வசதிக்கு வரிசை எண் போடும். அதைப் பார்த்து ஃபோர்மேன், "சார், நூத்தி நாலுன்னு எழுதியிருக்கு, நான் எங்கன்னு தேடுறது? எது மேல் பக்கம்?" என்றார். நியாயமான கேள்வி. மாட்டும் வரிசைப்படி எண்களை மாற்றி, ஒவ்வொரு பலகையின் பின்புறமும் ஓர் அம்புக்குறி சேர்த்தோம். எஃகுச் சட்டமும் வரைபடத்தில் இருந்த இடத்தில் அப்படியே நிற்கவில்லை, எங்குமே நிற்காது. சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் எடுத்த புள்ளிகளை மாடலுக்குள் கொடுத்தோம். சற்று நகர்த்திப் பொருத்த உதவும் நீள்துளை பிராக்கெட்டுகள் ஈடுகட்டிய இடங்களை அப்படியே விட்டுவிட்டு, கைமீறிய இடங்களில் மட்டும் இன்னும் வெட்டாத பலகைகளின் அளவைத் திருத்தி ஃபாக்டரிக்கு அனுப்பினோம். கையால் வரைந்திருந்தால் இந்தத் திருத்தத்துக்கே தனியாக ஆள் போட வேண்டியிருக்கும்.