கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர்: தெற்கு ரோன் சிவப்பு ஒயினும் அதன் சாப்பாடும்

பிரான்சில் ரோன் ஆற்றின் தென்பகுதிச் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒற்றைத் திராட்சை வகையில் நிற்பதில்லை. காரணம் கிரெனாஷ் என்ற திராட்சை. வெயிலையும் வறட்சியையும் வடக்கிலிருந்து பலமாக வீசும் மிஸ்த்ரால் காற்றையும் தாங்கும், சர்க்கரை ஏறிப் பழுக்கும். அதனாலேயே ஒயினில் சாராயம் (ஆல்கஹால்) 14 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். தோல் மெல்லியது, நிறமும் துவர்ப்பும் குறைவு, ஒயினானபின் காற்றுப் பட்டால் சீக்கிரம் மங்கும். இந்தக் குறையைத்தான் சிரா, மூர்வேத்ர் என்ற மற்ற இரண்டு திராட்சைகளும் நிரப்புகின்றன. சிரா கருநிறத்தையும் மிளகு வாசனையையும் தருகிறது. மூர்வேத்ர் தாமதமாகப் பழுப்பது. துவர்ப்பு கூடியது, காற்றுக்கு எளிதில் மசியாதது. கிரெனாஷைச் சிறு மரப்பீப்பாயில் வைக்காமல் கான்கிரீட் தொட்டியிலோ பெரிய மரத்தொட்டியிலோ பலர் வைப்பதும் காற்றுக்குப் பயந்துதான்.

தெற்கு ரோனின் ஒயின் ஊரான ஷாத்தோநஃப் து பாப்பில் 13 வகைத் திராட்சைக்கு அனுமதி உண்டு. எது எவ்வளவு என்ற கட்டாயம் இல்லை. அங்குள்ள தயாரிப்பாளர்களில் ஷாத்தோ ராயாஸின் சிவப்பு முழுக்க கிரெனாஷ். ஷாத்தோ தெ பொகாஸ்தெல் 13 வகைகளையும் வளர்க்கிறது, மூர்வேத்ருக்கு அங்கே கூடுதல் இடம். ஊர் ஒன்று, பெயர் ஒன்று, ஆனால் குணம் வேறு. எனவே முன்பக்கத்து ஊர்ப்பெயரை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டாம். பின்பக்கச் சீட்டிலோ தயாரிப்பாளரின் குறிப்பிலோ எந்தத் திராட்சை எத்தனை பங்கு என்று பாருங்கள்.

கிரெனாஷ் மேலோங்கிய சாதாரண கோத் து ரோன் (ரோன் பகுதியின் பொதுப்பெயர் ஒயின்) என்றால் அடுப்பில் சுட்ட கோழி, பன்றி சாசேஜ், கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்து வேகவைத்த ரத்தத்தூய், ஆலிவ் அரைத்த தாப்பெனாத். துவர்ப்பு குறைவென்பதால் கொழுப்பில்லாத உணவோடும் இது சண்டை போடாது. சிரா கூடினால் ரோஸ்மேரியும் தைமும் தடவி நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கால் தொடை. ஒயினில் இருக்கும் மிளகும் கரிந்த ஓரத்தின் மணமும் நன்றாகச் சேரும். மூர்வேத்ர் கூடியதற்குக் கொழுப்பும் நேரமும் ஏறிய இறைச்சி வேண்டும்: வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைத்த கோன்ஃபி, மான், மாட்டிறைச்சியை ஒயினில் மெதுவாக வேகவைக்கும் தோப். (மூர்வேத்ரை அதன் முழு முரட்டுத்தனத்தோடு அறிய வேண்டுமானால் ரோனைவிட்டுக் கடலோர பந்தோலுக்குப் போக வேண்டும். அங்கே சிவப்பில் பாதியாவது அதுவே இருக்க வேண்டும் என்பது விதி.)

தோப் ஆறு பேருக்கு: மாட்டுக் கன்னம் அல்லது தோள்பட்டை இறைச்சி ஒன்றரை கிலோ, ஒரு பாட்டில் கோத் து ரோன், கேரட் 3, வெங்காயம் 2, பூண்டு 4 பல், ஒரு பட்டை ஆரஞ்சுத் தோல், தைம், பிரிஞ்சி இலை. குளிர்ப்பெட்டியில் 12 மணி நேரம் ஊறட்டும். பிறகு வடித்து, இறைச்சியைத் துணியால் ஈரம் போக ஒற்றி, சிறு சிறு பகுதியாக வறுக்கவும். ஈரத்தோடு மொத்தமாகப் போட்டால் நீர்விட்டு வேகுமே தவிர, சிவக்காது. ஊறிய ஒயினைத் தனியே ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். இதைத் தவிர்த்தால் குழம்பு கலங்கும். மூடி, 150 டிகிரி அவனில் மூன்றரை மணி நேரம். தளதளவென்று கொதித்தால் இறைச்சி நார்நாராகிவிடும். கறுப்பு ஆலிவைக் கடைசி அரைமணியில் போட்டு, அதற்குப் பிறகே உப்புச் சரிபாருங்கள். கொழுப்பில்லாத தொடைப்பகுதி இதற்கு ஆகாது, எவ்வளவு குழம்பிருந்தாலும் வறண்டு போகும். பானையில் ஷாத்தோநஃப் ஊற்றுவது வீண். அதற்குக் கொடுத்த விலையின் நறுமணம் ஆவியோடு போய்விடும்.

இந்த ஒயின் கெடுவது பெரும்பாலும் சூட்டால். பரிமாற 16 டிகிரி போதும். 20-ஐத் தாண்டினால் சாராயம் மூக்கில் ஏறி, பழவாசனை ஜாம்போல் தோன்றும். சூடான அறையில் இருந்த பாட்டிலை அரைமணி குளிர்ப்பெட்டியில் வைத்து எடுங்கள். ஒரேயடியாகக் குளிர வைத்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

சேராதவையும் உண்டு. மிளகாய்க் காரத்தோடு 14.5 சதவீதச் சாராயம் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எண்ணெய் மிகுந்த மீனோடு உலோகச் சுவை வரும். அதற்கு ஒயினில் உள்ள இரும்பு ஒரு காரணம். நீலப்பூஞ்சைச் சீஸ் துவர்ப்பைக் கசப்பாக்கும். அதைவிட அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸான பிக்கோதோன் எவ்வளவோ மேல். இனிப்பு உணவோடு ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

இளம் சிராவும் மூர்வேத்ரும் திறந்ததும் எரிந்த தீக்குச்சி போலவோ ரப்பர் போலவோ நாறலாம். கெட்டுப்போனதென்று கொட்டிவிட வேண்டாம். வாயகன்ற ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். பத்து, பதினைந்து வருடம் பழகிய ஷாத்தோநஃபுக்கு இதையே செய்தால் மிச்சமிருக்கும் மணமும் பறந்துவிடும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் நேரே கோப்பையில் ஊற்றுங்கள்.

மிஞ்சியதைத் தக்கையடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், கிரெனாஷ் மிகுந்தது இரண்டு நாள் தாங்கும், மூர்வேத்ர் மிகுந்தது மூன்று நாள்கூட நிற்கும். அதற்குமேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அடுத்த தோப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.