தைலம் தேய்த்தால் போகாத தலைவலி

தங்கைக்குப் பிரசவமாகி ஆறாம் நாள். வீடு முழுக்கப் பூண்டுக் குழம்பு வாசம், வருகிறவர்கள் எல்லாரும் குழந்தையைத்தான் பார்க்கிறார்கள். காலையிலிருந்தே தலை வலிக்கிறது என்றாள். "தூக்கமில்லல்ல, அதான்" என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார். சாயங்காலம் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு என்று அவள் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு வாங்கிய பிபி மெஷினை எடுத்துக் கட்டினால் 168/112. மெஷின் கோளாறோ என்று மறுபடி கட்டினோம், அதேதான். கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள்கூட அவளுக்குப் பிரஷர் இருந்ததில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். பிரசவத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடிய பிரஷர் என்றார்கள். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்தைப் போட்டு 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பிரசவம் முடிந்து 6 வாரம் வரைக்கும்கூட இது வரலாமாம். டிஸ்சார்ஜ் அன்று குழந்தையின் தடுப்பூசி அட்டையை அவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள், தாய்க்கு இப்படி ஒன்று வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரி, பிள்ளை பெற்றவள் வீட்டில் இருந்தால் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் இதில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. இவள் இப்போது தேறிவிட்டாள், மாத்திரை ஓடுகிறது. அப்பாவின் மெஷின் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.